தூண்டில் போடுமுன்: ஒன்ராறியோவில் மீன்பிடிச் சட்டத்தைப் படிப்பது எப்படி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் வசந்தம் பிறந்ததும் என்னிடம் வரும் முதல் கேள்வி, "அண்ணை, மீன் பிடிக்க லைசன்ஸ் எங்கே எடுக்கலாம்?" என்பதுதான். லைசன்ஸ் எடுப்பது இதில் மிகச் சுலபமான பகுதி. மாகாண அரசின் இணையத்தளத்தில் கொஞ்ச நேரம் செலவழித்தால் முடிந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஏரியிலும், எந்த மீனையும், எந்த மாதத்திலும் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள்தான் கரையில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் லைசன்ஸுக்குக் கொஞ்ச இடமும், அதற்குப் பிறகு படிக்கவேண்டியவற்றுக்கு நிறைய இடமும் கொடுக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் வளர்ந்தவன். எங்கள் கடலில் களங்கட்டி என்ற மீன்பொறி நாட்டுவதற்கும் யார், எங்கே, எப்போது என்று ஒரு முறை இருந்தது. அதை மீறியவனை ஊர் சும்மா விடாது. ஒன்ராறியோவில் அந்த ஊரின் இடத்தில் மாகாண இயற்கை வள அமைச்சு இருக்கிறது. அது மூன்று கேள்விகளைக் கேட்கிறது: நீங்கள் நிற்கும் நீர் எந்த வலயத்தைச் சேர்ந்தது? உங்கள் தூண்டிலுக்கு வரக்கூடியது என்ன மீன்? இன்றைக்கு என்ன திகதி? மூன்றுக்கும் பதில் தெரியாமல் தூண்டிலை வீசாதீர்கள்.

சட்டம் யாருடையது

மீன் விடயத்தில் அடிப்படை அதிகாரம் கனடிய மத்திய அரசின் மீன்பிடிச் சட்டத்திடம் இருக்கிறது. அதன் கீழ் வந்த 2007 ஆம் ஆண்டு ஒன்ராறியோ மீன்பிடி ஒழுங்குவிதிகளை மாகாணம் நடைமுறைப்படுத்துகிறது. வேட்டை, பொறிவைப்பு ஆகியவற்றை ஆள்வது மாகாணத்தின் சொந்தச் சட்டமான 1997 ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வாத்து, காட்டுத்தாரா போன்ற வலசைப் பறவைகளுக்கு மறுபடியும் மத்திய அரசிடம் தனி அனுமதி வேண்டும். உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான்: கரையில் உங்களைச் சந்திக்கும் அதிகாரி பெரும்பாலும் மாகாணத்தின் பாதுகாப்பு அலுவலராக இருப்பார். அவருக்குப் பொலிஸாருக்கு நிகரான அதிகாரங்கள் உண்டு. உங்கள் வாளி, குளிர்பெட்டி, படகு, வாகனம் எல்லாவற்றையும் சோதிக்க அவருக்கு உரிமை இருக்கிறது.

அட்டையும் அனுமதியும்

முதலில் 'அவுட்டோர்ஸ் கார்ட்' என்ற அட்டை. மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அது உங்களை அடையாளம் காட்டும் அட்டை மட்டுமே. அதன்மேல் மீன்பிடி அனுமதியைத் தனியாக வாங்கவேண்டும். ஓராண்டு அனுமதி சனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரையானது. செப்டெம்பரில் வாங்கினாலும் டிசெம்பரோடு முடிந்துவிடும். மூன்றாண்டு அனுமதியும் உண்டு. ஒரே ஒரு நாள் மட்டும் போகிறவருக்கு, அட்டை இல்லாமலே எடுக்கக்கூடிய ஒருநாள் அனுமதியும் உண்டு.

அனுமதியில் இரண்டு வகை: ஸ்போர்ட், கொன்சர்வேஷன். இரண்டாவது மலிவு. ஆனால் அதில் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய மீன்களின் எண்ணிக்கை குறைவு. எடுத்துக்காட்டாக, சிம்கோ ஏரியில் மஞ்சள் பேர்ச் மீனுக்கு ஸ்போர்ட் அனுமதியில் 50, கொன்சர்வேஷனில் 25. பாஸ் மீனுக்குத் தெற்கில் பொதுவாக 6, 2. மஸ்கி என்ற பெருமீனை கொன்சர்வேஷன் அனுமதிக்காரர் ஒன்றுகூட வைத்திருக்க முடியாது. பிடித்தால் உடனே விடவேண்டும். குடும்பத்தோடு பொழுதுபோக்காகப் போகிறவர்களுக்கு கொன்சர்வேஷனே போதும் என்பது என் உறுதியான கருத்து. நான்கு பேர் சாப்பிட இரண்டு நல்ல பாஸ் போதாதா? மிச்சம் பெட்டியில் உறைந்து, மறுவருடம் குப்பைக்குப் போவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஒன்ராறியோவாசி என்ற கணக்கில் அனுமதி எடுக்க, உங்கள் முதன்மை வீடு இங்கே இருக்கவேண்டும். கடந்த 12 மாதங்களில் தொடர்ந்து ஆறு மாதங்களாவது இங்கே வசித்திருக்கவேண்டும். லண்டனிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கோடையில் வந்து நிற்கும் தமையனுக்கு உங்கள் அனுமதி பயன்படாது. அவருக்கு வெளிநாட்டவருக்கான அனுமதியைத் தனியாக எடுக்கவேண்டும். ஒருநாள், எட்டுநாள், ஓராண்டு என்று அதில் வகைகள் இருக்கின்றன. உங்கள் தூண்டிலை அவர் கையில் கொடுத்து, "சும்மா பிடி, ஒரு படம் எடுக்கிறேன்" என்பதும் சட்டப்படி அவர் மீன் பிடிப்பதுதான். அவரோடு வந்த 18 வயதுக்குட்பட்ட பிள்ளை, அனுமதி உள்ள ஒருவரோடு சேர்ந்து பிடிக்கலாம். அப்படிப் பிடித்த மீன் அந்தப் பெரியவரின் கணக்கில் சேரும்.

கனடாவில் வசிப்பவர்களில் 18 வயதுக்குக் கீழானவர்களுக்கும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. நானும் இப்போது அந்த வரிசையில்தான் இருக்கிறேன். எங்கள் வயதுக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது: பத்திரம்தான் தேவையில்லை, மற்ற விதிகள் அத்தனையும் எங்களுக்கும் உண்டு. பெயரும் பிறந்த திகதியும் உள்ள அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கவேண்டும். எண்ணிக்கை, அளவு, பருவகாலம் எதிலும் வயதுக்குச் சலுகை இல்லை.

பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதி, மேயில் அன்னையர் தின வார இறுதி, யூனில் தந்தையர் தின வார இறுதி, கோடை தொடங்கும்போது ஒரு முழு வாரம் என்று ஆண்டில் நான்கு தடவை கனடாவில் வசிக்கும் எவரும் அனுமதி இல்லாமல் பிடிக்கலாம். பிள்ளைகளை முதல்முதலாகக் கூட்டிப்போக நல்ல நாட்கள். அடையாள அட்டை வேண்டும். அப்படி அனுமதி இல்லாமல் பிடிப்பவர்களுக்கு கொன்சர்வேஷன் அளவுதான். அன்னையர் தினம் பெரும்பாலான நீர்களில் பாஸ் மீனுக்குத் திறந்த காலம் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

புத்தகத்தைப் படிக்கும் முறை

அமைச்சு ஒவ்வோர் ஆண்டும் மீன்பிடி ஒழுங்குவிதிச் சுருக்கம் என்ற ஒன்றை வெளியிடுகிறது. இணையத்தில் இலவசம். தடித்த புத்தகமாகத் தெரியும். ஆனால் உங்களுக்குத் தேவையானது தொடக்கத்திலுள்ள பொது விதிகளும், உங்கள் வலயத்தின் சில பக்கங்களும்தான்.

மாகாணம் 20 மீன்பிடி வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்ராறியோ ஏரியும் சென்ற் லோரன்ஸ் ஆறும் வலயம் 20. ஸ்காபரோ புளஃபர்ஸ் பார்க் கரையில் நிற்பவரும், பிக்கறிங்கில் பிரெஞ்ச்மன்ஸ் பே கரையில் நிற்பவரும் வலயம் 20 இல் நிற்கிறார்கள். சிம்கோ ஏரி வலயம் 16. எங்கள் ஆட்கள் வான் வண்டி நிறையப் போகும் ரைஸ் ஏரியும் ஸ்கூகொக் ஏரியும் வலயம் 17. ஏரியிலிருந்து ஆற்றுக்குள் சற்று மேலே ஏறினால் வலயம் மாறிவிடும். பாலத்துக்குக் கீழே ஒரு சட்டம், மேலே இன்னொரு சட்டம் என்பது இங்கே சாதாரணம். சந்தேகம் இருந்தால் அமைச்சின் 'ஃபிஷ் ஒன்லைன்' வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைத் தட்டிப்பாருங்கள்.

ஒவ்வொரு வலயத்துக்கும் முதலில் வரைபடம், பிறகு ஓர் அட்டவணை. மீனின் பெயர், திறந்த காலம், எஸ் என்ற எழுத்தோடு ஸ்போர்ட் எண்ணிக்கை, சி என்ற எழுத்தோடு கொன்சர்வேஷன் எண்ணிக்கை, அளவுக் கட்டுப்பாடு. இந்த அட்டவணையோடு புத்தகத்தை மூடிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. மூடாதீர்கள். அதற்கு அடுத்த பக்கங்களில் விதிவிலக்குகள் இருக்கின்றன. தனித்தனி ஏரிகள், ஆறுகளின் பெயரோடு அகரவரிசையில் வரும். மீன் சரணாலயங்களும் அங்கேதான் இருக்கும். விதிவிலக்குப் பக்கம் சொல்வதுதான் செல்லும். பொது அட்டவணை அதற்குப் பிறகுதான்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். வலயம் 17 இன் அட்டவணையில் வோல்ஐ மீனைப் பாருங்கள். மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை திறந்து நவம்பர் 15 இல் மூடும். ஸ்போர்ட் 4, கொன்சர்வேஷன் 1. மீன் 35 முதல் 50 சென்றிமீற்றர் வரை இருக்கவேண்டும். சிறியதையும் விடவேண்டும், பெரியதையும் விடவேண்டும். பெரியதை ஏன் விடவேண்டும் என்று பலர் கோபப்படுகிறார்கள். பெரியவை சினை நிறைந்த தாய் மீன்கள். ஒரு பெரிய தாய் இடும் முட்டைகள் பல சிறிய மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம். இப்போது அதே வலயத்தின் விதிவிலக்குகளில் ஸ்கூகொக் ஏரியைத் தேடுங்கள். அங்கே வோல்ஐ ஆண்டு முழுவதும் மூடியிருக்கிறது. அந்த மீனின் கூட்டம் மிகவும் சுருங்கிப்போனதால் 2016 இலிருந்து இந்தத் தடை. அட்டவணையை மட்டும் படித்துவிட்டு, யூன் மாதத்தில் நல்ல அளவான வோல்ஐ ஒன்றை ஸ்கூகொக்கில் வாளிக்குள் போட்டவர், எல்லாவற்றையும் சரியாகச் செய்ததாக நினைத்துக்கொண்டே குற்றம் செய்கிறார்.

நான் இங்கே தரும் எண்களையும் அந்தந்த ஆண்டின் புத்தகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டின் நடுவிலும் ஆணை மூலம் விதிகளை மாற்ற அமைச்சுக்கு அதிகாரம் உண்டு. கரையில் பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு நம்பிக்கையோடு சொன்னாலும் அவர் சொல்வது போன வருடத்துச் சட்டமாக இருக்கலாம்.

மூடிய காலம் என்றால் முழுமையாக மூடியது

"பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறேன், அதில் என்ன?" என்று கேட்பவர்களுக்குச் சட்டத்தின் பதில் தெளிவானது. மூடிய காலத்தில் அந்த மீனைப் பிடிக்க முயல்வதே குற்றம். விட்டுவிடுவது சாக்காகாது. வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் தற்செயலாக வந்தால் உடனே விடவேண்டும். வேண்டுமென்றே அதைத் தேடிப் பிடிக்கக்கூடாது.

இந்த விதியின் நியாயம் பாஸ் மீனில் நன்றாகத் தெரியும். தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பாலான நீர்களில் பாஸ் காலம் யூன் மாதம் பாதி கழிந்த பிறகே திறக்கிறது. அதற்கு முன்னான வாரங்களில் ஆண் பாஸ் கரையோர ஆழமற்ற நீரில் மண்ணை விலக்கிக் கூடு செய்து, முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். கிட்ட வருவதை எல்லாம் கோபத்தோடு கடிக்கும். ஆகவே பிடிப்பது மிகச் சுலபம். அதைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடும் அந்தச் சில நிமிடங்களுக்குள், சுற்றி நிற்கும் சிறு மீன்கள் கூட்டைச் சூறையாடிவிடும். தகப்பன் திரும்பி வரும்போது காப்பதற்கு எதுவும் இருக்காது. ஒரு படத்துக்காக ஒரு தலைமுறை போய்விடுகிறது. மே மாதத்தில் கரையோரத்தில் வட்டமாக வெளிறிய ஓர் இடமும் அதன்மேல் அசையாமல் நிற்கும் மீனும் தெரிந்தால், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், தூண்டிலை மட்டும் வேறு பக்கம் போடுங்கள்.

சில மீன்கள் எந்த மாதத்திலும் மூடியவை. ஏரி ஸ்டேர்ஜன், அமெரிக்க விலாங்கு ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவை. ஊரில் விலாங்கு சாப்பிட்ட நாக்குக்கு இது கஷ்டம்தான். ஆனால் ஒரு காலத்தில் ஒன்ராறியோ ஏரியில் நிறைந்திருந்த விலாங்கு இப்போது அழியும் நிலையில் இருக்கிறது. வந்தால் கொளுக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

எண்ணுவதும் அளப்பதும்

எங்கள் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது எண்ணிக்கையில்தான். அதற்குக் காரணம் பேராசை என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து போய், பிடித்ததை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு, மாலையில் பங்கு பிரிக்கும் வழக்கம் உள்ளவர்கள். இங்கே சட்டம் ஒவ்வோர் ஆளையும் தனியாகப் பார்க்கிறது. நீங்கள் பிடித்து வைத்த மீனை மச்சானுக்குக் கொடுத்தாலும் அது உங்கள் கணக்கில்தான் இருக்கும். அக்காவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காக அவருடைய பங்கையும் சேர்த்து நீங்கள் பிடிக்க முடியாது. ஆகவே ஆளுக்கொரு பையோ வாளியோ வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி வந்தால் "இது யாருடைய மீன்?" என்ற கேள்விக்கு அங்கேயே விடை இருக்கும்.

அடுத்தது, நாளுக்குரிய எண்ணிக்கையும் கையிருப்பு எண்ணிக்கையும். பெரும்பாலான மீன்களுக்கு இரண்டும் ஒன்றே. வீட்டுக் குளிர்பெட்டியில் உறைந்திருப்பதும் கையிருப்பில் சேரும். சனிக்கிழமை ஆறு பாஸ் கொண்டுவந்து பெட்டியில் வைத்தவர், அவற்றைச் சாப்பிட்டு முடிக்காமல் ஞாயிறு மறுபடியும் ஆறு கொண்டுவர முடியாது.

அளவை, வாய் நுனியிலிருந்து வாலின் இரு இதழ்களையும் ஒன்றாகச் சேர்த்து அமுக்கிய நுனிவரை எடுக்கவேண்டும். ஒரு நாடாவைக் குளிர்பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள்.

கரையிலேயே வெட்டிச் சுத்தம் செய்துகொண்டு வரும் வழக்கமும் தவறில் முடியும். அளவுக் கட்டுப்பாடு உள்ள மீனை வீடு வந்து சேரும்வரை, அல்லது அங்கேயே உடனே சமைக்கும்வரை, முழுதாகவே வைத்திருக்கவேண்டும். கட்டுப்பாடு இல்லாத மீனைத் துண்டாக்கினாலும் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோலை விட்டுவையுங்கள். என்ன மீன், எத்தனை என்பதை அதிகாரி பார்த்ததும் அறியக்கூடியவாறு பொதி இருக்கவேண்டும். கறிக்கு வெட்டுவதுபோல் குறுக்காக நறுக்கிப் பையில் போட்டால் எவராலும் எண்ண முடியாது.

தூண்டில் கரையில் ஆளுக்கு ஒன்றுதான். ஒன்ராறியோ ஏரி போன்ற பேரேரிகளில் படகிலிருந்து பிடிக்கும்போது இரண்டு. பனிக்கட்டியில் துளையிட்டுப் பிடிக்கும்போது பெரும்பாலான இடங்களில் இரண்டு. ஆனால் 60 மீற்றருக்குள் நின்று அவற்றைக் கண்முன் வைத்திருக்கவேண்டும். ஒரு கயிற்றில் நான்கு கொளுக்கிகளுக்கு மேல் கூடாது. ஓய்வுக்காக நீங்கள் பிடித்த மீனை விற்கவோ பண்டமாற்றுச் செய்யவோ கூடாது. தெரிந்த கடைக்காரர் ஆசையோடு கேட்டாலும் கொடுக்காதீர்கள், வாங்குவதும் குற்றம்.

இரை

உயிருள்ள இரைமீனுக்கு மாகாணம் 2022 முதல் தனிக் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. இரைக்கென்று நான்கு வலயங்கள் இருக்கின்றன. ஒரு வலயத்து இரைமீனையோ இரைக்கான அட்டைப்பூச்சியையோ இன்னொன்றுக்குக் கொண்டுபோகக்கூடாது. கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். ஓர் ஆள் 120 இரைமீன்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. நன்னீர் நண்டுபோன்ற கிரேஃபிஷை எந்த நீரில் எடுத்தீர்களோ அதே நீரில்தான் பயன்படுத்தலாம்.

மாலையில் மிச்ச இரையைத் தண்ணீரோடு ஏரிக்குள் ஊற்றிவிடுவது பலருக்குப் புண்ணியம்போல் தோன்றுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீரிலிருந்து 30 மீற்றருக்குள் இரைவாளியைக் கொட்டுவதே குற்றம். ஒரு வாளித் தண்ணீரில் நோயும், வேற்றிடத்து மீன் முட்டையும் போய்ச் சேர்ந்துவிடும். ரவுண்ட் கோபி என்ற சிறு மீன் ஒன்ராறியோ ஏரியில் எங்கும் இருக்கிறது. புளஃபர்ஸ் பார்க்கில் பிள்ளைகளின் தூண்டிலுக்கு வருவதில் பாதி அதுதான். கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பல்களின் சமநிலைத் தண்ணீரோடு வந்தது. அதை உயிரோடு வைத்திருக்கவோ இரையாகப் பயன்படுத்தவோ கூடாது. பிடித்தால் திரும்ப விடாமல் கொன்றுவிடவேண்டும். நான் மேலே சொன்ன பாஸ் கூடுகளைச் சூறையாடுவதில் முன்னால் நிற்பதும் இதுதான்.

சால்மன் ஏறும் மாதம்

செப்டெம்பரில் போர்ட் ஹோப் நகரத்துக் கனரஸ்கா ஆற்றில் சால்மன் ஏறுவதைப் பார்க்கக் கட்டாயம் போங்கள். கோர்பெட்ஸ் அணையில் மீன்படியில் அவை துள்ளி ஏறுவதைப் பார்த்த என் பேத்தி அன்று வீட்டுக்கு வர மறுத்தாள். ஆனால் அந்த அணையடியும் ஆற்றின் பல பகுதிகளும் மீன்பிடிக்கு மூடியவை. ஆழமில்லாத நீரில் முதுகு தெரிய மீன் நிற்கும்போது, வெறும் கொளுக்கியை வீசி வயிற்றிலோ முதுகிலோ கொழுவி இழுக்கும் ஆசை வரும். அது சட்டவிரோதம். வாய்க்கு வெளியே கொழுவிய மீனை வைத்திருக்கக்கூடாது. சினையை மட்டும் எடுத்துவிட்டு உடலைக் கரையில் எறிவதும் குற்றம். சாப்பிடத்தக்க மீனை வீணாக்க இச்சட்டம் அனுமதிப்பதில்லை.

இன்றைக்கு ஏறும் பெரிய சினூக் சால்மன் பசிபிக் சமுத்திரத்து மீன். 1960 களின் கடைசியிலிருந்துதான் பேரேரிகளில் பெருமளவில் விடப்பட்டது. இந்த ஏரிக்குச் சொந்தமானது அட்லாண்டிக் சால்மன். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடைகளில் வேல்கொண்டு குத்தி வண்டி வண்டியாக ஏற்றிய மீன் அது. ஆலைகளின் அணைகள் அதன் வழியை மறித்தன. காடழிந்து ஓடைகள் சேறாயின. நியூகாஸிலில் சாமுவேல் வில்மட் என்பவர் 1866 இல் தன் வீட்டோடு சேர்த்துக் குஞ்சு பொரிப்பகம் தொடங்கி அதைக் காப்பாற்றப் பார்த்தார். முடியவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அட்லாண்டிக் சால்மன் இந்த ஏரியில் இல்லாமற்போயிற்று. மீளக் கொண்டுவரும் பெருமுயற்சி 2006 முதல் நடக்கிறது. அதனால்தான் அதன் எண்ணிக்கையும் அளவும் மற்ற சால்மன்களைவிடக் கடுமையாக வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் பிரித்தறியப் புத்தகத்தின் படங்களைப் பாருங்கள். சினூக்கின் வாயின் உட்புறம் கறுப்பு, பல் முரசும் (ஈறும்) கறுப்பு.

சமையலறைக்கு முன்னால்

சட்டப்படி கொண்டுவந்த மீன் எல்லாம் அளவில்லாமல் சாப்பிடக்கூடியது அல்ல. மாகாணச் சுற்றாடல் அமைச்சு மீன் உண்பதற்கான ஒரு வழிகாட்டியை வைத்திருக்கிறது. ஏரியின் பெயர், மீன், நீளம் ஆகியவற்றைக் கொடுத்தால் மாதத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம் என்று சொல்லும். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் தனி அளவு இருக்கிறது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இதைப் பார்க்காமல் அடுப்பு மூட்டாதீர்கள்.

மீன் பெரிதாக ஆகப் பாதரசம் கூடும். அது தசையிலேயே இருப்பதால் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. சால்மன், கெண்டை, கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களில் பழைய ஆலைக்கழிவு இரசாயனங்கள் கொழுப்பில் தங்கும். வயிற்றுக் கொழுப்பையும் தோலையும் வெட்டி எறிந்து, கொழுப்பு வடியும்படி வாட்டினால் குறையும். தலைக்குழம்பும் சினைப்பொரியலும் எங்கள் நாக்குக்கு எவ்வளவு விருப்பம் என்று எனக்குத் தெரியும். ஒன்ராறியோ ஏரியின் பெரிய சால்மனில் அந்த இரண்டையும் நான் விட்டுவிட்டேன். சிம்கோவின் சிறிய பேர்ச்சைப் பொரித்துச் சாப்பிடுகிறேன்.

ரைஸ் ஏரிக்கரையில் கேட்கும் ஒரு பேச்சு

"எங்களுக்கு மட்டும் தடை, அவர்கள் மூடிய காலத்திலும் பிடிக்கிறார்களே" என்று முதற்குடி மக்களைப் பற்றி எங்கள் ஆட்கள் சிலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பிடிப்பது சலுகையால் அல்ல. 1982 அரசியலமைப்பின் 35 ஆம் பிரிவு அவர்களின் உரிமையைக் காக்கிறது. ரைஸ், ஸ்கூகொக், சிம்கோ ஏரிகளைச் சுற்றிய ஏழு முதற்குடிச் சமூகங்கள் 1923 இல் கையெழுத்தான வில்லியம்ஸ் உடன்படிக்கைகளால் தம் வேட்டை, மீன்பிடி உரிமைகளை இழந்ததாகக் கருதப்பட்டு, தங்கள் சொந்த ஏரிகளில் பல தசாப்தங்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2018 இல் வந்த தீர்வில்தான் அந்த உரிமை மறுபடியும் ஏற்கப்பட்டது. நிலத்தையும் கடலையும் இழப்பது என்னவென்று அறிந்த நாங்கள் அந்தக் குறையைச் சொல்லக்கூடாது.

வேட்டையும் பொறியும்

வேட்டைக்குப் போகும் எங்கள் ஆட்கள் குறைவு. இளையவர்கள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். முதலில் வேட்டைக் கல்விப் பாடத்தை முடித்துத் தேர்வில் தேறவேண்டும். துப்பாக்கிக்கு மத்திய அரசின் பாதுகாப்புப் பாடமும் அனுமதியும் வேறு. பிறகு வேட்டைக்குரிய அட்டை, ஒவ்வொரு விலங்குக்கும் உரிய அனுமதி. மானுக்கும், மூஸ் என்ற பெரிய மான் இனத்துக்கும் 'டாக்' என்ற சீட்டும் வேண்டும். மீனுக்கு வலயம்போல் இங்கே வனவிலங்கு முகாமைப் பிரிவுகள். பருவம் முடிந்ததும், மான் போன்றவற்றுக்கு, ஒன்றும் சுடாவிட்டாலும் அறிக்கை கட்டாயம் கொடுக்கவேண்டும். அந்த அறிக்கைகளை வைத்துத்தான் அடுத்த ஆண்டின் எண்ணிக்கையை முடிவுசெய்கிறார்கள். உரோமத்துக்காக விலங்குகளுக்குப் பொறி வைப்பது வேட்டை அனுமதிக்குள் வராது, அது பொறிவைப்பு. அதற்குத் தனிப் பாடமும் தனி உரிமமும் வேண்டும். அரச நிலத்தில் பதிவான பொறித்தடங்கள் ஏற்கெனவே ஒவ்வொருவருக்கு ஒதுக்கப்பட்டவை.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்று நினைக்கும் வீட்டுக்காரருக்கும் பொறிச்சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. கூரைக்குள் ரக்கூன் புகுந்துவிட்டால் கூண்டு வைத்து உயிரோடு பிடிக்கலாம். ஆனால் பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள், ஒரு நாளுக்குள் விடவேண்டும். வடக்கே தொலைவில் ஏதாவது பூங்காவில் கொண்டுபோய் விடுவது குற்றம். அப்படி விட்டால் நோய் பரவும், பழக்கமில்லாத இடத்தில் விலங்கும் சாகும். வசந்தத்தில் கூரைக்குள் இருப்பது பெரும்பாலும் குட்டிகளோடு தாய். அதை மட்டும் பிடித்தால் குட்டிகள் உள்ளேயே செத்துப்போகும். குட்டிகள் நடக்கும்வரை சில வாரங்கள் பொறுத்துவிட்டு ஓட்டையை அடையுங்கள்.

அதிகாரி வந்தால்

தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஓடாதீர்கள், மீனைத் தண்ணீரில் எறியாதீர்கள். அட்டை, அனுமதி, அடையாளம் மூன்றையும் காட்டுங்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னால் திறவுங்கள். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்; பொய் சொல்வது தனிக் குற்றம். ஆங்கிலம் தடுமாறினால் மெதுவாகப் பேசச் சொல்லலாம், அல்லது பிள்ளைகளைப் பேசவிடலாம். மாகாணச் சட்டத்தின் கீழ் தனிநபருக்கு அபராதம் 25,000 டொலர்வரை போகலாம். ஓராண்டுவரை சிறையும் உண்டு. விற்பனை நோக்கம் இருந்தால் 100,000 டொலரும் இரண்டு ஆண்டுகளும். சாதாரணக் குற்றங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் மீனையும் தூண்டிலையும் பறிமுதல் செய்வார்கள், படகையும் வாகனத்தையும்கூட எடுக்கலாம். குற்றச்சீட்டு கிடைத்தால் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். பணத்தைக் கட்டலாம், அல்லது குறித்த நாட்களுக்குள் நீதிமன்றத்தில் வழக்காடப் பதியலாம். வழக்காடத் தீர்மானித்தால், பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு எழுதிவிடுங்கள்.